எந்தப் பட்டாளம்?

"பட்டாளத்துல இருந்தவங்களுக்கு போலீசுல சலுகை உண்டாம். தைரியமா போய்ட்டு வா மாமா" என்று அமுதம், கணவன் கண்ணையனின் சட்டையில் இரண்டு பதக்கங்களையும் குத்திவிட்டாள்.

புதுச்சேரிப் பக்கத்துப் பாகூரிலிருந்து சைக்கிள் மிதித்துப் போலீஸ் ஆளெடுப்புக்கு வந்தவனைப் பார்த்ததும் அதிகாரிக்கு முகம் மலர்ந்தது.

"பதக்கமெல்லாம் வாங்கியிருக்கியே! சண்டை போட்டது சீனாக்காரனோடயா, பாகிஸ்தான்காரனோடயா?"



"ரெண்டும் இல்லீங்கய்யா. அல்ஜீரியாவுல. நான் இருந்தது பிரெஞ்சுப் பட்டாளம்."

"வெள்ளைக்காரனுக்கா துப்பாக்கி தூக்கின? அதுக்கு ஏதுய்யா சலுகை?"

"நான் சேர்றப்ப எங்க பாகூரே அவங்களுதுதானுங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள ஊருக்குச் சுதந்திரம் வந்துடுச்சி."

சொல்லிவிட்டுப் பதக்கங்களைக் கழற்றப் போனான்.

அதிகாரி பட்டியலில் அவன் பெயரை எழுதினார்.

"சலுகை கெடையாது. மத்தவங்களோட நீயும் ஓடணும்" என்றவர், மெல்லச் சொன்னார்:

"அதக் கழட்டாமலே ஓடு."