எக்ஸ்ரே எடுக்கிற பொண்ணு

"எந்தப் பல்லும்மா வலிக்குது?"

சின்னப்பொண்ணுக்கு ஒரு பல்லும் வலிக்கவில்லை. மகன் லோகேஷுக்கு ஏழெட்டு இடம் தட்டிப்போன பிறகு தரகர் கொண்டுவந்த வரன் இந்தக் கலைமதி. போட்டோவில் மூக்கும் முழியுமாக இருந்தாள். ஒரகடத்தில் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள் என்பதுதான் உறுத்தியது. நேரில் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று, யாரோ ஒரு நோயாளியாக வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தாள் சின்னப்பொண்ணு.

"இதோ, இந்தப் பக்கம்."

"டாக்டர்கிட்ட அந்தப் பக்கம் காட்டினீங்களாமே?"

"ரெண்டு பக்கமும்தான் வலிக்குது."

பொய்க்குக் கொஞ்சம் ஒத்திகை பார்த்திருக்கலாம். கலைமதி சிரித்துக்கொண்டே கனமான ஈய அங்கியை அவள்மேல் போர்த்தினாள். சின்னத் தகடு ஒன்றை ஹோல்டரில் செருகினாள்.

"வாயில வச்சு நீயே கையால புடிச்சா சட்டுனு முடியுமே?"

"உங்க பல்லுக்கு ஒரு தடவைதான் எக்ஸ்ரே ஆன்ட்டி. என் விரலுக்கு நாள் பூரா. புடிக்கவே கூடாது."

தகட்டை வாயில் பொருத்திவிட்டு, தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய்ப் பட்டனை அமுக்கினாள். தகடு வெளியே வந்ததுதான் தாமதம், சின்னப்பொண்ணு மறுபடி ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா, என்னை வுட்டுட்டு நீ மட்டும் ஓடி ஒளிஞ்சுக்கற? நாளைக்குக் கல்யாணம், புள்ளகுட்டின்னு ஆனா?"

"ஒளிஞ்சுக்கறதாலதான் ஒண்ணும் ஆகாது. இந்த பேட்ஜைப் பாருங்க. இதை லேபுக்கு அனுப்பி வச்சா, என்மேல எவ்ளோ ரேடியேஷன் பட்டிருக்குன்னு சொல்லிடுவாங்க. பயப்படற மாதிரி ஒருதடவைகூட வந்ததில்ல."

பேச்சு, பொறுமை, குணம் எல்லாமே சின்னப்பொண்ணுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பேரப்பிள்ளை விஷயத்தில் விளையாட முடியுமா?

வெளியே, ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு பைக்கில் காத்திருந்தான் லோகேஷ்.

"பொண்ணு தங்கம்டா. ஆனா வேணாம். தெனம் எக்ஸ்ரேவோட பொழங்கற வேலை. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா? தரகர்கிட்ட சொல்லிடறேன்."

"நீ சொல்ல வேணாம்மா. அவங்க வூட்டுலயே வேணாம்னுட்டாங்களாம். இப்பதான் போன் பண்ணாரு."

சின்னப்பொண்ணுக்குச் சுருக்கென்றது. "ஏன்டா, உனக்கு இன்னா கொறச்சல்? கம்பெனியில குவாலிட்டில கீறன்னு சொன்னாரா இல்லையா?"

"அதைத்தான்மா சொல்லியிருக்காரு. கார் வீலுக்குள்ள விரிசல் கீதான்னு நான் எக்ஸ்ரே எடுத்துப் பாக்கறதையும் சேத்தே சொல்லிட்டாராம். 'எக்ஸ்ரேவோட பொழங்கற மாப்பிள்ளை வேணாம், நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?'ன்னு கேட்டாங்களாம், அந்தப் பொண்ணோட அம்மா."