விழுந்தேன்

அவனுடைய வலது கை எம்ரிஸின் குரல்வளையில் இருந்தது.

கீழே நவம்பர் மாதத்துச் சேறு. மேலே ஏழெட்டுப் பேர். யாருடைய பூட்ஸோ அவன் காதை மிதித்துக்கொண்டு போயிற்று.

பந்து எம்ரிஸின் வயிற்றோடு இறுகிக் கிடந்தது.

‘விழுந்தேன்’ என்று பந்தை வைத்திருப்பவனே கத்த வேண்டும். கத்தினால் ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிடும். கத்தாதவரை அவனை இழுக்கலாம், மிதிக்கலாம், மேலே ஏறிப் படுக்கலாம். 1893இல் பென்சில்வேனியாவில் இதற்குக் கால்பந்து என்று பெயர். காலுக்கு அதில் முக்கியமான வேலை மிதிப்பதுதான்.

எம்ரிஸ் அவனுடைய தங்கையின் கணவன். ஆற்றுக்கு அக்கரை ஊர், அக்கரை கிளப்.

போன மாத ஆட்டத்தில் இதே எம்ரிஸை அவன் இடுப்போடு பிடித்து, மெல்லக் கீழே கிடத்தினான். எழுந்திருக்கக் கையும் கொடுத்தான். மறுநாளிலிருந்து இரும்பாலையில் தலை காட்ட முடியவில்லை. மாப்பிள்ளை உபசாரம் பலமோ என்று உலைக்கு உலை கேட்டார்கள்.

இன்று சீசனின் கடைசி ஆட்டம். இதுவரை ஒன்பது ஆட்டம், ஒன்றிலும் தோல்வியில்லை. இதிலும் ஜெயித்தால் பட்டம். ஆனால் முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது, இரண்டு பக்கமும் ஒரு புள்ளிகூட இல்லை.

எம்ரிஸை அக்கரை கிளப்பின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் இழுத்துப் போட்டால் இக்கரைக்கு இரண்டு புள்ளி. கோடு எட்டு கஜத்தில் இருந்தது.

கேப்டன் ஹாகன் காலையிலேயே சொல்லியிருந்தான்.

“கழுத்தப் பிடி. கத்த விடாத.”

பிடித்தான்.

எம்ரிஸின் கண்கள் மேலே பார்த்தன. பிடித்திருப்பது யார் என்று தெரிந்ததும் அவற்றில் ஒரு நிம்மதி வந்தது.

அந்த நிம்மதிதான் அவனுக்கு ஆத்திரமூட்டியது. இன்னும் அழுத்தினான்.

ஹாகனும் இன்னொருவனும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். அவனும் கழுத்தை விடாமல் சேற்றில் கூடவே வழுக்கிக்கொண்டு போனான். வழியில் ஏதோ முறிந்தது. அவன் உள்ளங்கைக்கு அடியில் அந்தச் சொல் மேலே வந்து முட்டியது.

மறுபடி முட்டியது.

பிறகு நின்றுவிட்டது.

கோடு தாண்டியாயிற்று.

நடுவர் ஒவ்வொருவராகப் பிய்த்து எடுத்தார். எம்ரிஸ் எழவில்லை.

“கோட்டுக்கு முன்னாடி கத்துனானா?” என்று நடுவர் கேட்டார். “நீதான் பக்கத்துல இருந்த.”

“இல்ல சார். கத்தவே இல்ல.”

இரண்டு புள்ளி. தொப்பிகள் பறந்தன. ஹாகன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டான். ஒரு மாதத்துக் கிண்டல் அந்த நிமிடத்தோடு ஒழிந்தது. அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

டாக்டர் எம்ரிஸின் சட்டைக் கழுத்தைக் கத்தரித்து விலக்கினார். மார்பில் காதை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு தன் தொப்பியைக் கழற்றினார்.

கயிற்றைத் தாண்டித் தங்கை ஓடிவந்தாள். சேற்றில் மண்டியிட்டாள்.

புருஷனின் கழுத்தில் ஒரு பக்கம் நான்கு விரல்கள் பதிந்திருந்தன. மறுபக்கம் கட்டைவிரல்.

கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஹாகன் அவனைத் தோளிலிருந்து இறக்கிவிட்டான்.

அவள் எழுந்து நேரே அவனிடம் வந்தாள்.

“கையக் காட்டுண்ணா.”

அவன் இடது கையை நீட்டினான்.