தேய்ந்த புஷ் கொடுத்த அளவு

பழைய ஜீப் ஒன்று பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முனகியது. இந்தச் சத்தம் நிற்காவிட்டால் வண்டி பழைய இரும்புக்குத்தான் என்று சொல்லிவிட்டார் சொந்தக்காரர். ஸ்பிரிங்கின் முனையில் மாட்டும் வளையமான புஷ் தேய்ந்ததால்தான் அந்தச் சத்தம்; புதியது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. தேய்ந்த புஷ்ஷையே மாதிரிக்குக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்பினார்கள்.

"அண்ணே, நடுத் துளை இவ்வளவு அகலமா இருக்கே. புதுசுல எப்படி இருந்தீங்க?" என்று கேட்டது லேத்.

"முப்பது வருஷம் உழைச்ச உடம்புடா இது. அப்படியே அளவெடு. நூல்கூடப் பிசகக் கூடாது" என்றது தேய்ந்த புஷ்.

பிசகவில்லை. புதிய புஷ்ஷோடு ஜீப் முதல் பள்ளத்தில் இறங்கியது.

"என்ன பெரியவரே, அதுக்குள்ள திரும்பி வந்துட்டீங்களா?" என்றது ஸ்பிரிங்.

"இல்லீங்க, நான் இன்னிக்குத்தான் பிறந்தேன்" என்று முனகியது புஷ்.

ஜீப் பழைய இரும்புக் கடைப் பக்கம் திரும்பியது.