ஐப்பசியின் முதல் ஞாயிறு

ஒன்பது மணிக்கெல்லாம் முட்டை அடுக்கின் எதிரே போய் நின்றுகொண்டாள்.

ஆள் உயரத்துக்கு மேல் அட்டைகள்.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு என்றால் கோயம்புத்தூரில் சும்மாவா. ஒரு மாதம் வாயைக் கட்டிய ஊர் அன்றைக்குத்தான் அவிழ்க்கும். சூப்பர் மார்க்கெட்காரர்கள் இரண்டு மடங்கு இறக்கியிருந்தார்கள். பதினொரு கிளையிலும் அப்படித்தான்.

அவள் கையில் மனு. கூண்டில் அடைத்த கோழியின் முட்டையை விற்காதீர்கள். நாலே வரி. கீழே அறுநூறு பெண்களின் கையெழுத்து.

அடுக்கையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பார்க்காமல் என்ன செய்வாள். அவள் செய்த கூத்து அப்படி. மனு கொடுத்து மூன்று மாதம் பதில் இல்லை. கோபம் தலைக்கேறி, இனி இந்தக் கடையில் யாரும் முட்டை வாங்காதீர்கள் என்று குடியிருப்பு குடியிருப்பாகப் போய்ச் சொன்னாள். எல்லாரும் உடனே தலையாட்டினார்கள். இவ்வளவு சுலபமா என்று பூரித்துப்போனாள்.

அன்று புரட்டாசி ஒன்று.

முட்டையைத் தொட்டே வருடக்கணக்காகிறது அவளுக்கு. அவள் அடுப்படியில் புரட்டாசி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

கடை மேலாளர் மயில்சாமிக்குத் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏனுங்க, புரட்டாசில முட்டை வாங்காம இருக்கறதெல்லாம் ஒரு போராட்டமுங்களா?”

மானம் போயிற்று. அந்த மாதம் முழுக்க உண்மையாகப் போராடியது மூன்றாம் மாடி ரெஜினா மட்டும்தான். அவளுக்குப் புரட்டாசி கிடையாது. அவள் பிள்ளைகள் ஆம்லெட் கேட்டு அழுதார்கள்.

இன்றைக்குத் தெரிந்துவிடும். மற்றவர்கள் தலையாட்டியது பெருமாளுக்கா, கோழிக்கா.

கல்யாணத்துக்கு முன்னால் நாமக்கல் பக்கம் ஒரு பண்ணையில் நாலு வருடம் முட்டை எடுத்தவள் அவள். ஒரு பெட்டிக்குள் நாலு கோழி. திரும்பக்கூட இடம் இருக்காது. நின்ற இடத்திலேயே நகம் வளர்ந்து கம்பியைச் சுற்றிக்கொள்ளும். அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவாள்.

இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பாதியில் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒன்பதரைக்கு ஒருவர் வந்தார். ஓர் அட்டை எடுத்தார்.

இன்னொருவர். அவரும் எடுத்தார்.

அப்புறம் சம்பூரணம் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை முட்டைக் குழம்பு வாசனையிலேயே அவள் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கலாம். நேராக வந்தாள். ஓர் அட்டையைக் கையில் எடுத்தாள். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

“நாக்கு செத்துக் கெடக்குது. எல்லாம் உன்னாலதான்.”

முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். சலவைத்தூள், தக்காளி, இட்லி அரிசி. பதினொரு மணிக்கு நடக்க வழி இல்லாத கூட்டம். கூடைகளில் எல்லாம் இருந்தது. முட்டை இல்லை.

பீளமேட்டுக் கிளையிலிருந்து அவள் போனுக்கு ஒரு படம் வந்தது. அடுக்கு அப்படியே இருந்தது. சிங்காநல்லூர், வடவள்ளி. அங்கேயும் அப்படியே.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மயில்சாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். சட்டை நனைந்திருந்தது. கையில் போன். வீடியோவில் முதலாளி முகம்.

“தை மாசத்துல இருந்து கூண்டு முட்டை எடுக்க மாட்டோம்னு எழுதித் தர்றாருங்களாம். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறாரு. ஒரு கோழிக்கு எவ்வளவு எடம் வேணுமுங்க?”

சதுர அடிக் கணக்கு மனுவின் பின்பக்கம் இருந்தது. அவள் திருப்பிப் பார்க்கவில்லை. மனுவைக் கூட்டத்தில் நின்ற ரெஜினாவிடம் கொடுத்தாள்.

இரண்டு கைகளையும் விரித்தாள்.

முழுசாக. விரல் நுனி வரைக்கும்.

பக்கத்தில் நின்றவர்கள் கூடைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

மயில்சாமியும் இரண்டடி பின்னால் போனார். அப்போதும் போனுக்குள் அவள் அடங்கவில்லை. இன்னும் இரண்டடி போனார்.