மலையோரம் நடப்பவர்

கிரிவலத்தில் எல்லோரும் சாலையின் இடப்பக்கமே நடப்பார்கள்; மலையோரத்தைக் கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு விட்டுவிடுவது வழக்கம். அந்த வயதான சாமியார் மட்டும் மலையோரமாகவே வந்து ரேவதி கடையில் டீ குடிப்பார்.

அன்று மழை விட்டுத் தார்ச்சாலை காய்ந்திருந்தது. பள்ளத்துத் தண்ணீரை மிதித்த கால்தான் அதில் பதியும். அவருக்குப் பின்னால் ஆளில்லை. ஈரக்காலடிகள் மட்டும் நூற்றுக்கணக்கில் வந்தன. அவர் கையைத் தூக்கியதும் நின்றன.

கடைசி ஜோடிக் காலடி மட்டும் கடையைப் பார்த்து நின்றது. அதில் இடது சுண்டுவிரல் இல்லை. போன பௌர்ணமியில் மலையோரமாகப் போய்த் திரும்பாத ரேவதியின் கணவன் குமரேசனுக்கும் அந்த விரல் இல்லை.

"யாரு சாமி இவங்க?"

"நாடாண்டப்ப நான் வெட்டிப்போட்ட ஜனம். அவங்க சாபம், கூடவே நடக்கிறாங்க."

"எங்க ஊட்டுக்காரர விட்டுடுங்க சாமி!"

"குறுக்க வந்தவன நான் விட்டதே இல்லம்மா. சக்கர கம்மியா போடு."

குடித்துவிட்டுக் கிளம்பினார். அந்த ஜோடி மெல்லத் திரும்பி, வரிசையில் சேர்ந்தது.