சனியின் வளையம்

மலைமேல் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில், காலை நேரத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வந்த டாக்டர், தச்சர் ஒருவரின் கட்டிலருகே நின்றார்.

"நோய் சுத்தமாப் போயிடுச்சுய்யா. நாளைக்கு வீட்டுக்குக் கிளம்பு."

"அடுத்த மாசம் சனியோட வளையம் நல்லாத் தெரியுமுங்க. பார்த்துட்டுப் போறேனே."

"போன தடவை வால்நட்சத்திரம்னே. அதுக்கு முந்தி கிரகணம். ஏன்யா, உங்க வீட்டு மேல வானமே இல்லையா?"

அடுத்த கட்டில்காரர் இருமலுக்கு நடுவே சிரித்தார். "படுத்துக்கிட்டே கண்ணாடி தேய்ச்சு நாங்க எல்லாருமாச் செஞ்ச தொலைநோக்கி, டாக்டர். அதை விட்டுப் போக அண்ணனுக்கு மனசு வரலை."

"அப்போ அதையும் தூக்கிட்டுப் போகட்டும்! வீட்ல இவனைத் தேட மாட்டாங்களா?"

தச்சர் போர்வையை மடித்தார். பிரித்து, மறுபடியும் மடித்தார்.

"தேட மாட்டாங்க. நோய்க்காரன் தங்கச்சியைக் கட்டிக்க யாருமே வரலை. அண்ணன் செத்துட்டான்னு சொல்லித்தான் அவளுக்குக் கல்யாணம் முடிஞ்சது. இப்போ நான் போய் நின்னா அவ கதி என்னங்க?"

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்தப் பாவி அப்படிச் சொன்னது?"

"நான்தாங்க சொல்லச் சொன்னேன்."