தேர்த் திருவிழா ஓவியத்தில் ஒரு யானை

யானையின் இடது கண் போயே போச்சு. கோயில் சுவரில் இருக்கும் பழைய தேர்த் திருவிழா ஓவியத்தில் தேருக்கு முன்னால் நடக்கிற யானை அது. சாமி கும்பிட்டு வருகிறவர்கள் விரலில் மிஞ்சிய குங்குமத்தை அதன் முகத்தில்தான் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க வண்ணம் உதிர்கிறது.

“டேய் தடியா, ஆள் வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கோ. வலது கண்ணாவது தப்பும்” என்றது பின்னால் வரைந்திருந்த குதிரை.

“நேத்து ஒரு அம்மா என்னைப் பார்த்து, ‘பிள்ளையாரே, காப்பாத்து’ன்னாங்க, தெரியுமா?”

“நீ கொடி தூக்குற யானைடா!”

“அது உனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே.”

“கை துடைக்கிற துணிக்கு வந்த பெருமையைப் பாரு!”

சிவந்த விரல்களோடு ஒருவர் சுவர்ப் பக்கம் வந்தார். “திருப்புடா!” என்று குதிரை கத்தியது.

அவர் கைக்கு எட்டும்படி யானை நெற்றியைத் தாழ்த்தியது. மூஞ்சியை மட்டும் திருப்பவே இல்லை.